இந்தச் செங்கல் கோயிலை இடிக்காதீர்கள்: ஆயருக்கும் ஆலயக் கட்டுமானக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஆயர் அவர்களுக்கும் மறைமாவட்ட ஆலயக் கட்டுமானக் குழுவினருக்கும்,

எங்கள் பங்குக் கோயிலை இடிக்கப்போவதாகப் போன மாதம் ஒரு ஞாயிறு, நற்கருணை கொடுத்து முடிந்ததும் அறிவிப்பு வாசித்தார்கள். அதே இடத்தில் இரட்டைக் கோபுரத்தோடு கோத்திக் பாணியில் புதுக் கோயில் எழும்பும் என்றார்கள். தலைக்கட்டுக்கு 20,000 ரூபாய் வரி, திருவிழாக் கொடியேற்றத்தன்று அடிக்கல். வாசித்த கையோடு இறுதி ஆசீரும் கொடுத்தாயிற்று. கேள்வி கேட்க யாருக்கும் வழியில்லை. வெளியே வந்து பார்த்தால் புதுக் கோயிலின் படம் ஆளுயரத்துக்கு மேல் பிளெக்ஸ் பேனராகத் தொங்குகிறது. பங்குப் பேரவை உறுப்பினர்களிலேயே பலர் அந்தப் படத்தை எங்களோடு சேர்ந்து அப்போதுதான் பார்த்தார்கள்.

இந்த முடிவை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நேரில் கேட்டுப் பார்த்தேன், மனுவும் கொடுத்தேன். மேலிடத்தில் முடிவாகிவிட்டது என்ற பதில்தான் கிடைத்தது. அந்த மேலிடம் நீங்கள் என்பதால் உங்களுக்கே எழுதுகிறேன். வேறு பங்குகளிலும் இதே வேலை நடந்துவருவதால் எல்லாரும் படிக்கும்படி பொதுவில் எழுதுகிறேன்.

நான் கட்டட வேலையில் மேற்பார்வையாளனாக இருப்பவன். கம்பி கட்டுவதும் கான்கிரீட் போடுவதும் என் அன்றாடப் பிழைப்பு. என் அம்மா இந்தக் கோயில் எழும்பியபோது சித்தாளாகச் செங்கல் சுமந்தவர். ஆனால் பாசத்துக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. இடிக்கப்போவது எது என்று முடிவெடுத்தவர்கள் அறிந்திருக்கிறார்களா என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1970களின் தொடக்கத்தில் கட்டிய கோயில் இது. கான்கிரீட் தூண்களும் உத்திரங்களும் பூச்சில்லாமல் அப்படியே தெரியும். இடைச்சுவர்கள் பக்கத்துச் சூளையில் சுட்ட செங்கல், அதற்கும் பூச்சு கிடையாது. நடுவில் ஒரு தூண்கூட இல்லை. விசிறியை விரித்த மாதிரி தரை பலிபீடத்தை நோக்கிக் குவிகிறது. மக்கள் மூன்று பக்கமும் பீடத்தைச் சுற்றி உட்காருகிறோம். கடைசி வரிசையில் இருக்கும் பாட்டிக்கும் குருவானவரின் கை தெரியும், அப்பத்தைப் பிட்கிற சத்தம்கூடக் கேட்கும். தெற்குச் சுவர் முழுக்கச் செங்கல் ஜாலி, அதாவது காற்றும் வெளிச்சமும் வர இடைவெளி விட்டு அடுக்கிய சுவர். பத்து மணிப் பூசையில் அதன் வழியாக வரும் வெயில் சிவப்பு ஆக்சைடு தரையில் கட்டம் கட்டமாக விழுந்து, மறையுரை முடிவதற்குள் ஒரு வரிசை தள்ளிப் போயிருக்கும். சித்திரை வெயிலில்கூட உள்ளே காற்றோட்டம் குறையாது. மின்வெட்டில் மற்ற கோயில்களில் ஜெனரேட்டர் தேடுவார்கள், எங்கள் கோயிலில் பூசை பாட்டுக்கு நடக்கும்.

பலிபீடம் ஒரே கருங்கல். நம் மாவட்டத்துக் குவாரியில் எடுத்து, மேற்பரப்பை மட்டும் மழமழவென்று இழைத்து, பக்கங்களில் உளி பட்ட தடத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். சிலுவைப்பாதை பதினான்கு நிலைகளும் சுடுமண். ஐயனார் கோயிலுக்குக் குதிரை செய்கிற வேளார் குடும்பம் செய்து கொடுத்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ரோமை வீரர்களின் தலைக்கவசத்தை இவற்றில் தேட வேண்டாம். சிலுவை சுமக்க உதவும் சீமோனுக்குத் தலையில் முண்டாசு, தோளில் மூட்டை தூக்கித் தூக்கித் தடித்த சதை. ஆண்டவரின் முகத்தைத் துடைக்கும் வெரோனிக்காவின் கையில் இருப்பது நம் வீட்டுத் துண்டு. ஏழாம் நிலையில் ஆண்டவர் குப்புற விழுந்து கிடக்கிறார். அவர் பாதம்தான் நமக்கு நேராகத் தெரிகிறது. அந்தக் குதிகாலில் பித்தவெடிப்பு இருக்கிறது. வயல் வேலை பார்க்கிற பெண்கள் தவக்கால வெள்ளிகளில் அந்தக் குதிகாலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதால் அந்த இடம் மட்டும் வழவழத்துக் கறுத்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் வெள்ளையடிப்புக்காக இவற்றில் ஒன்றைக் கழற்றினார்கள். மூலை உடைந்தது. எம்-சீல் வைத்து ஒட்டி, ஒட்டு தெரியாமலிருக்க முழுவதற்கும் தங்க நிற எனாமல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். யாரிடமும் கேட்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. இப்போது பதினான்கையும் இறக்கி வைக்கப்போகிறார்கள். எங்கே வைப்பார்கள் என்று கேட்டேன், பதில் இல்லை. புதுக் கோயிலுக்கு ஃபைபர் உருவங்கள் ஆர்டர் கொடுத்தாகிவிட்டது என்கிறார்கள்.

இந்தக் கோயில் யாரோ ஒருவரின் விசித்திர ஆசையில் எழும்பியதல்ல. உலகப் போருக்குப் பிறகு கத்தோலிக்க உலகம் முழுவதும் நடந்த ஒரு பெரிய தேடலின் கடைசிக் கிளை நம் ஊரில் வந்து முளைத்தது.

அந்தத் தேடல் குண்டுவீச்சில் இடிந்த கோயில்களிலிருந்து தொடங்கியது. ஜெர்மனியின் டியூரன் நகரத்து அன்னா ஆலயம் 1944 நவம்பர் 16 அன்று நகரத்தோடு சேர்ந்து அழிந்தது. அங்கே கட்டடக் கலைஞர் ருடால்ஃப் ஷ்வார்ட்ஸ் 1956இல் கட்டி முடித்த புதுக் கோயிலின் சுவர்களுக்கு இடிந்த கோயிலின் கற்களையே பயன்படுத்தினார். பழைய வடிவத்தை நகலெடுக்கவில்லை. ஆனால் பழைய கற்கள் அங்கே இருக்கின்றன என்று மக்களுக்குத் தெரியும். கொலோன் நகரில் கொலும்பா ஆலயம் தரைமட்டமானபோது மாதா சுரூபம் ஒன்று மட்டும் தப்பியது. இடிபாடுகளுக்கு நடுவே அந்த மாதாவுக்காக 1950இல் காட்ஃப்ரீட் பேம் ஒரு சிறு சிற்றாலயம் எழுப்பினார். பின்னாளில் அதே இடத்தில் மறைமாவட்டம் அருங்காட்சியகம் கட்டியபோது அந்தச் சிற்றாலயத்தை அப்புறப்படுத்தவில்லை. பீட்டர் சும்தோர் வடிவமைத்து 2007இல் திறந்த அந்தக் கட்டடம், சிற்றாலயத்தைத் தனக்குள் வைத்துக்கொண்டே நிற்கிறது. புதிதாகக் கட்டவும் வேண்டும், இருப்பதைக் கைவிடவும் கூடாது என்ற நிலை வந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

பிரான்சில் ரோன்ஷாம் மலைக்கோயிலும் 1944 சண்டையில் நாசமானது. லெ கொர்பூசியே அங்கே கட்டிய புதுச் சிற்றாலயம் 1955 ஜூன் 25 அன்று அர்ச்சிக்கப்பட்டது, அதாவது வழிபாட்டுக்காகப் புனிதப்படுத்தப்பட்டது. அதன் தடித்த சுவர்களுக்குள் பழைய கோயிலின் கற்கள் இருக்கின்றன. அதே கட்டடக் கலைஞர்தான் அதே ஆண்டுகளில் நம் சண்டிகருக்கும் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார். 2016இல் யுனெஸ்கோ அவருடைய படைப்புகளை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது ரோன்ஷாமும் சண்டிகரின் கேப்பிடல் வளாகமும் ஒரே பட்டியலில் இடம்பெற்றன. ஹிரோஷிமாவில் 1954இல் முடிந்த உலக அமைதி நினைவுப் பேராலயத்தைப் பாருங்கள். கட்டியவர் தோகோ முரானோ. கான்கிரீட் சட்டமும் அதனிடையே பூச்சில்லாத சிமெண்ட் செங்கல்லும் வெளியே தெரிகிற கட்டடம் அது. எங்கள் கோயிலும் அந்த வகைதான். ஜப்பான் அரசு 2006இல் அதை முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. நாம் நம்முடையதை அழுக்குச் சுவர் என்கிறோம்.

அன்றும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். பிரேசிலின் பம்புல்யாவில் ஆஸ்கர் நிமெயர் கட்டிய அசிசி பிரான்சிஸ் ஆலயம் 1943இல் முடிந்தது. வளைவு வளைவான அதன் கூரையும் போர்ட்டினாரியின் ஓவியங்களும் அன்றைய பேராயருக்குப் பிடிக்கவில்லை, அர்ச்சிக்க மறுத்துவிட்டார். 1947இல் அரசே அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கிய பிறகும் கோயில் பூசையில்லாமல் காத்துக் கிடந்தது. 1959இல்தான் அர்ச்சிப்பு நடந்தது. பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் அஸ்ஸி என்ற இடத்து ஆலயத்தில் அதைவிட வேதனையான ஒன்று நடந்தது. காசநோயாளிகளின் சிகிச்சை இல்லங்கள் நிறைந்த மலை அது. 1950இல் அர்ச்சிக்கப்பட்ட அந்தக் கோயிலுக்கு ரூவோ, லெஜே, மத்தீஸ், ஷகால் என்று அன்றைய பெரிய ஓவியர்கள் பலர் வேலை செய்து கொடுத்தார்கள். பீடத்துக்கு ஜெர்மெய்ன் ரிஷியே என்ற பெண் சிற்பி ஒரு பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் உருவம், செய்தார். முகம் தெளிவில்லாமல், பட்டுப்போன மரக்கிளை மாதிரி நைந்த உடல். ஆண்டவரை இப்படிக் காட்டலாமா என்று வெளியிலிருந்து கூச்சல் கிளம்பியது. 1951இல் ஆயரின் உத்தரவால் அது பீடத்திலிருந்து அகற்றப்பட்டது. பின்னாளில் அதே கோயிலில் அதே பீடத்துக்கு அது திரும்பி வந்தது. அகற்றியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன், அவசரப்பட்டார்கள். ஆனால் சிற்பத்தை உடைக்காமல் வைத்திருந்தார்கள். அதனால் தவறைத் திருத்த முடிந்தது. இடித்த கோயிலுக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

இந்தத் தேடலையெல்லாம் பார்த்த பிறகுதான் உலகத்து ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. உங்களுக்கு அதை நினைவூட்ட எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் கோத்திக் பாணிதான் உண்மையான கத்தோலிக்கப் பாணி என்று எங்கள் பங்கில் மைக்கில் சொல்லப்பட்டதால் சொல்கிறேன். எந்த ஒரு கலைப்பாணியையும் திருச்சபை தன் சொந்தப் பாணியாக ஆக்கிக்கொண்டதில்லை என்று அந்த ஏட்டின் 123ஆம் எண் சொல்கிறது. பகட்டைவிட மேன்மையான அழகையே நாட வேண்டும், ஆலயம் கட்டும்போது மக்கள் வழிபாட்டில் ஈடுபட்டுப் பங்கேற்க ஏற்றதாகக் கட்ட வேண்டும் என்று 124ஆம் எண். புனிதப் பொருள்களும் மதிப்புள்ள கலைப்படைப்புகளும் கைமாறிப் போகாமலும் சிதையாமலும் ஆயர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 126ஆம் எண். சுற்றிவரக்கூடிய வகையில் பீடம் சுவரை விட்டுத் தள்ளி இருப்பது நல்லது என்று 1964இல் வத்திக்கானிலிருந்து வந்த அறிவுறுத்தல் சொன்னது. எங்கள் கோயிலைக் கட்டியவர்கள் இந்த வரிகளை மனத்தில் வைத்துத்தான் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்க வேண்டும். பீடம் சுவரை விட்டு நகர்ந்தது. மக்கள் சுற்றி வந்தார்கள்.

நம் மண்ணில் இதற்கு வேறு வேர்களும் உண்டு. 1950இலேயே குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் மோன்ஷனேன் அடிகளும் லெ சோ அடிகளும் சாந்திவனம் என்ற ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். பெங்களூரில் 1967இல் தேசிய மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தை நிறுவியவர் நம் புதுவை மறைமாவட்டத்து அமலோர்பவதாஸ் அடிகள். அங்கே உள்ள கோயிலின் சாளரங்களுக்கு ஓவியர் ஜோதி சாஹி வடிவம் கொடுத்தார். தரையில் அமர்வது, செருப்பைக் கழற்றுவது, எண்ணெய் விளக்கு, ஆரத்தி போன்ற பன்னிரண்டு மாற்றங்களுக்கு 1969இல் ரோமை ஒப்புதல் தந்தது. எங்கள் கோயிலில் பெஞ்சு போடாமல் பாய் விரித்ததும், பீடத்தருகே குத்துவிளக்குக்கு இடம் விட்டதும் அந்த ஆண்டுகளின் கொடை. திருவனந்தபுரம் லொயோலாவில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லால் சிற்றாலயம் எழுப்பினார். மும்பை தாதரில் இன்னொரு கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் கொரேயா கான்கிரீட் குடைகளின் கீழ் ஒரு பங்குக் கோயிலைக் கட்டினார். இரண்டும் 1970களின் வேலை. வெளிநாட்டில் வேண்டுமானால் உருகுவேயின் அத்லாந்திதாவுக்குப் போகலாம். எலாதியோ தியெஸ்தே என்ற பொறியாளர் உள்ளூர்ச் செங்கல்லை அலை அலையாக வளைத்துச் சிற்றூர் மக்களுக்காகக் கட்டிய ஆலயம் 1960இல் முடிந்தது, 2021இல் உலக மரபுச் சின்னமானது. செங்கல் ஏழை ஊரின் பொருள்தான். அதனால் கடவுளுக்குக் குறைவாகப் போய்விடாது என்பதை இவர்கள் எல்லாரும் செய்து காட்டினார்கள்.

சரி, கோயில் பழுதாகிவிட்டது, இடிப்பதைத் தவிர வழியில்லை என்கிறார்கள். இந்த இடத்தில் என் தொழிலை வைத்துப் பேசுகிறேன்.

பழுது உண்மை. பெண்கள் பக்கம் உத்திரத்திலிருந்து போன மழையில் காரை பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, பூசை நேரமில்லை. உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, மேல் கான்கிரீட்டைத் தள்ளியிருக்கிறது. கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடாப்பு குறைவாக விட்டுக் கட்டிய அந்தக் காலத்துக் கட்டடங்களில் ஐம்பது ஆண்டில் இது வரும், பள்ளிக்கூடங்களிலும் அரசு அலுவலகங்களிலும் நான் பார்க்கிறேன். ஆனால் மேலே ஏறிப் பார்த்தால் காரணம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மழைநீர் இறங்கும் குழாயின் வாயில் அரசங்கன்று ஒன்று வேர்விட்டுக் கை கனத்துக்கு வளர்ந்திருக்கிறது. தண்ணீர் போக வழியில்லாமல் பல ஆண்டுகளாக அந்த மூலையில் தேங்குகிறது. காரை விழுந்த இடம் சரியாக அதற்குக் கீழே. பராமரிப்பு இல்லாமல் விட்டது நம் எல்லாருடைய குறை. அதைக் கட்டடத்தின் தலையில் போட்டு இடிக்க வேண்டாம்.

இதற்கு வைத்தியம் இருக்கிறது. தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தியெடுத்து, துருவைச் சுத்தம் செய்து, மெலிந்த கம்பிக்குத் துணைக் கம்பி கட்டி, பாலிமர் கலந்த காரையால் மூடி, மேல்தளத்தில் நீர்க்காப்பு செய்து, வடிகாலைத் திறந்துவிடுவது. அதற்கு முன் எந்த உத்திரம் எவ்வளவு தாங்கும் என்று ரீபவுண்ட் ஹாமரால் தட்டியும், கான்கிரீட்டில் துண்டு வெட்டியெடுத்துச் சோதிக்கும் கோர் டெஸ்ட் வைத்தும் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்து எங்கள் கோயிலில் இந்தச் சோதனை எதுவும் நடக்கவில்லை. சுற்றிப் பார்த்து, பயன்பாட்டுக்கு உகந்ததல்ல என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்த கடிதம்தான் இருக்கிறது. ஜெர்மனியின் நெவிகெஸ் திருத்தலத்தில் காட்ஃப்ரீட் பேம் கட்டி 1968இல் அர்ச்சிக்கப்பட்ட மாதா ஆலயமும் ஒழுகியது. மலை மலையாக மடிந்த அதன் கான்கிரீட் கூரை முழுக்க விரிசல். அங்கே இடிக்கலாம் என்று யாரும் முடிவெடுக்கவில்லை. ஆக்கன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் துணையோடு, கார்பன் இழை வலை பதித்த மெல்லிய கான்கிரீட்டைக் கூரை மேல் போர்த்திச் சரிசெய்தார்கள். நமக்கு அவ்வளவு பெரிய தொழில்நுட்பம்கூடத் தேவைப்படாது. புதுக் கோயிலுக்குச் சொல்லும் தொகையில் ஒரு சிறு பங்கில் இது முடியும் என்பது என் அனுபவக் கணிப்பு. நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தப் புதுக் கோயிலின் படத்தைப் பற்றியும் ஒரு கட்டடக்காரனாகச் சொல்ல வேண்டும். கோத்திக் மீது எனக்கு எந்த வெறுப்பும் இல்லை. சாந்தோமிலும் புதுவை இருதய ஆண்டவர் ஆலயத்திலும் நின்று நெஞ்சு நிறைந்திருக்கிறேன். பிரான்சில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கூர்வளைவை அமைத்தவர்கள் ஒரு கடினமான கணக்குக்கு விடை கண்டவர்கள். கல் மட்டும் வைத்து உயரமாக எழுப்ப வேண்டும், சுமையைப் பக்கத்துத் தாங்கிகளுக்குக் கடத்த வேண்டும், சுவரைத் திறந்து வண்ணக் கண்ணாடிக்கு இடம் விட வேண்டும். அந்த வளைவு இல்லாவிட்டால் கூரை நிற்காது. எங்கள் வாசலில் தொங்கும் படத்தில் வளைவுகள் எதையும் தாங்கவில்லை. சுமையைத் தாங்குவது மேலே ஓடும் கான்கிரீட் உத்திரம். அதற்குக் கீழே செங்கல்லையும் சிமெண்டையும் வளைத்து ஒட்டி, உட்கூரையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் விலா எலும்பு மாதிரி கோடு போடப்போகிறார்கள். உண்மையைப் பேசுகிற பீடத்துக்கு மேல் இப்படி ஒரு பொய்யான கூரை வேண்டுமா என்று உங்களைப் பணிவோடு கேட்கிறேன்.

வடிவத்தைவிட என்னை அதிகம் வருத்துவது தரைப்படம். நீண்ட மண்டபம். அதன் கோடியில் ஏழு படி ஏறி மேடை. மேடையில் பின்சுவரை ஒட்டினாற்போல் பீடம். நடுவே இரண்டு வரிசைத் தூண்கள். தூணுக்குப் பின்னால் இருப்பவர்களுக்காக எல்.இ.டி. திரை என்று வரைபடத்திலேயே குறித்திருக்கிறார்கள். பத்தடி தூரத்தில் பார்த்த திருப்பலியை இனிமேல் திரையில் பார்க்கச் சொல்கிறீர்கள். ஏ.சி.க்காக ஜன்னல்களையெல்லாம் மூடிவிடுகிறார்கள். மாதாந்தர மின் கட்டணத்தை யார் கட்டுவது என்று அறிவிப்பில் இல்லை.

மக்கள்தான் கோபுரம் கேட்கிறார்கள் என்று சொல்வீர்கள். உண்மைதான், பலர் கேட்கிறார்கள். நம் கோயில் கோயில் மாதிரியே இல்லை, குடோன் மாதிரி இருக்கிறது, கல்யாணத்துக்கு வரும் சொந்தக்காரர்கள் கேலி பேசுகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடி செபிக்கும் எங்கள் அன்பியத்திலேயே சொல்வார்கள். அந்த வருத்தத்தை நான் சிறுமையாக நினைக்கவில்லை. சாதியாலும் கூலியாலும் தாழ்த்தி வைக்கப்பட்ட மக்கள், தூரத்திலிருந்து தெரியும் கோபுரத்தைத் தங்கள் மானமாக நினைப்பதில் நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்துப் புதுமைவாதிகள் மக்கள் மனத்தைப் புண்படுத்தியதும் உண்டு. எங்கள் பழைய மாதா சுரூபத்தைப் புதுக் கோயிலில் வைக்காமல் பூசைப் பொருள்கள் வைக்கும் சக்கிறிஸ்து அறையில் போட்டுவிட்டார்கள். பெண்கள் போராடித்தான் அது வடக்குப் பக்கம் ஒரு மாடத்துக்கு வந்தது. இன்று கோயிலிலேயே அதிகம் மெழுகுதிரி எரியும் இடம் அதுதான். உலகெங்கும் சீர்திருத்தத்தின் பெயரால் பழைய பீடங்களையும் சுரூபங்களையும் தூக்கி எறிந்ததைக் கண்டு, 1971 ஏப்ரலில் வத்திக்கானே எல்லா ஆயர் பேரவைகளுக்கும் மடல் எழுதியது. நிபுணரைக் கேட்காமல் எதையும் அகற்றாதீர்கள், ஆலயங்களில் உள்ள கலைப்பொருள்களுக்குப் பட்டியல் எடுங்கள் என்றது. அன்று அந்த எச்சரிக்கை பழையதைக் காக்க வந்தது. இன்று அந்தப் புதியதே பழையதாகி நிற்கிறது. எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

ஆனால் மக்களிடம் யாராவது இந்தக் கோயிலைப் பற்றிப் பேசியதுண்டா? ஏன் இப்படிக் கட்டினார்கள், பீடம் ஏன் நடுவில் வந்தது, சிலுவைப்பாதையில் முண்டாசு ஏன் என்று ஒரு மறையுரையிலாவது, ஒரு மறைக்கல்வி வகுப்பிலாவது சொல்லியிருக்கிறோமா? என் அம்மா தலைமுறைக்குத் தெரிந்தது என் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. சொல்லாமலே விட்டுவிட்டு, மக்களுக்குப் பிடிக்கவில்லை என்பது நியாயமாகாது. கோபுரம் வேண்டுமென்றால் வளாகத்தில் தனியாக ஒரு மணிக்கோபுரம் எழுப்பலாம். தேர்கள் நிற்கும் கொட்டகைப் பக்கம் இடம் இருக்கிறது. முதல் 20,000 கேட்பதற்கு முன் அந்த யோசனையை மக்கள் முன் வைத்திருந்தால் பாதிப் பேர் ஒத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவைதான்.

அடிக்கல் விழாவைத் தள்ளிவையுங்கள். இடிப்புக்கான எந்த வேலையும், சிலுவைப்பாதை நிலைகளைக் கழற்றுவது உட்பட, கட்டமைப்புச் சோதனை முடியும்வரை நடக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவிடுங்கள். சோதனையைப் புதுக் கோயில் ஒப்பந்தத்தில் எந்த ஆதாயமும் இல்லாத கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரோ பொறியியல் கல்லூரி ஒன்றோ செய்யட்டும். அறிக்கையையும், பழுதுபார்க்கும் செலவு, புதிதாகக் கட்டும் செலவு இரண்டின் மதிப்பீட்டையும் கோயில் அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்டுங்கள்.

ஆலயம் கட்டும்போதும் சீரமைக்கும்போதும் நிபுணர்களின் ஆலோசனை வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 1216 சொல்கிறது. உங்கள் குழுவில் இப்போது ஒப்பந்தக்காரரும் நிதிப் பொறுப்பாளரும் இருக்கிறார்கள். ஒரு கட்டடக் கலைஞரையும், திருவழிபாட்டுக் கலை படித்த ஒருவரையும், சுடுமண் வேலை தெரிந்த ஒருவரையும், பங்கிலிருந்து குறைந்தது இரண்டு பெண்களையும் சேருங்கள்.

மறைமாவட்டத்தில் 1950 முதல் 1985 வரை கட்டிய எல்லா ஆலயங்களுக்கும், அவற்றின் பீடங்கள், சுரூபங்கள், கண்ணாடிகள், சிலுவைப்பாதைகளுக்கும் படத்தோடு பட்டியல் எடுங்கள். யார் செய்தார், எந்தப் பொருளில், எப்போது என்ற விவரம் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களை இந்த ஆண்டே கேட்டுக் குறித்து வைக்க வேண்டும். தங்கப் பெயிண்ட் அடித்த நிலையைச் சுரண்டிப் பார்க்க யாரையும் அனுமதிக்காமல், தகுந்த கலைப் பாதுகாப்பாளரிடம் ஒப்படையுங்கள்.

கடைசியாக, பங்கு மக்கள் கூட்டம் ஒன்றைக் கூட்டுங்கள். பூசை முடிவில் ஐந்து நிமிடம் போதாது, ஒரு முழு மாலை வேண்டும். குழுவினர் நேரில் வந்து வரைபடத்தைச் சுவரில் மாட்டி விளக்குங்கள், எங்களையும் பேச விடுங்கள். இதுவரை வரி செலுத்திய குடும்பங்களின் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதையும் அந்தக் கூட்டத்தில் சொல்லுங்கள். முடிவு மாறினால் அதைத் திருப்பித் தருவதா, பழுதுபார்க்கப் பயன்படுத்துவதா என்று அவர்களையே கேளுங்கள்.

கொடியேற்றத்துக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. அதற்கு முன் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். இந்த மடலின் அச்சுப் பிரதியும், மேல்தளத்திலும் உத்திரங்களிலும் நான் எடுத்த படங்களும் ஆயரக அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
பங்கு மக்களில் ஒருவன்